தேங்காய்ப்பூத் துவாலையும் தையற்பூவும்



நம் தோட்டப்புறங்களில் துண்டு இல்லாத வீடு உண்டா? விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர் தலையில் ஒரு துண்டு. செம்பனைக் குலை அறுப்பவர் தோளில் ஒரு துண்டு. குளித்துவிட்டு நடுங்கி நிற்கும் பிள்ளையைத் துவட்ட ஒரு துண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தால் ‘குட் மார்னிங்’ என்றும், அதனுடன் சீன மொழியில் காலை வணக்கமும் எழுதிய மெல்லிய துண்டை அறியாதவர் நம் நாட்டில் மிகச் சிலரே. அந்தத் துண்டு எல்லாரையும் ஒரே மாதிரி வாழ்த்தும். ஆனால், தான் யாருடையது என்று சொல்லாது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு துண்டு. தடிப்பான, பஞ்சுபோன்ற, திருமணத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் பரிசாகப் போகின்ற துவாலை. அதன் மேல் தையல் மிஷினைக் கொண்டு பெயரும் பூவும் போடும் கைத்தொழில். இது எங்கே பிறந்தது? நம் ஜொகூர் மண்ணுக்கு எந்த வழியில் வந்தது? இதனால் வாழ்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார்? வீட்டிலே ஒரு மிஷினை வாங்கிப் போட்டுப் பிழைக்கலாம் என்று எண்ணும் தாய்மார்களும் தங்கைமார்களும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் சொல்லின் கதையைக் கேளுங்கள். ‘துவாலை’ என்பதைத் தமிழ்ச்சொல் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். மலாய்க்காரர்கள் ‘துவாலா’ என்கிறார்கள். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். அது ‘தொவால்யா’ என்னும் போர்த்துக்கீசியச் சொல். போர்த்துக்கீசியர் 1511ஆம் ஆண்டு மலாக்காவைப் பிடித்தார்கள். அதே காலத்தில் இந்தியக் கடற்கரையிலும் கோட்டை கட்டி வாணிகம் செய்தார்கள். சன்னல், மேசை, அலமாரி என்று அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் தமிழிலே பல. அவற்றோடு துவாலையும் வந்து சேர்ந்தது. ஆகவே, தமிழ்ப் பெண் ஒருத்தியும் மலாய்ப் பெண் ஒருத்தியும் ஒரே கடையில் நின்று இந்தப் பொருளைக் கேட்டால், ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்.

மெல்லிய துண்டு பழமையானது. தடித்த துவாலை அப்படியல்ல. அதன் பிறப்பிடம் துருக்கி நாடு. அங்கே புர்சா என்னும் ஊர் நெசவுக்கும் குளிப்பு மண்டபங்களுக்கும் பெயர் பெற்றது. அந்த ஊர் நெசவாளிகள் துணியின் மேற்பரப்பில் சின்னஞ்சிறு நூற்கண்ணிகள் எழும்பி நிற்கும்படி நெய்தார்கள். அதனால்தான் இன்றும் ஆங்கிலத்தில் அதற்குத் ‘துருக்கித் துவாலை’ என்ற பெயர் வழங்குகிறது. நம் மக்கள் அதைவிட அழகாகப் பெயர் வைத்தார்கள். துருவிய தேங்காய் பரப்பியதுபோல் இருப்பதால் ‘தேங்காய்ப்பூத் துவாலை’ என்றார்கள்.

1850ஆம் ஆண்டை ஒட்டி ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் துருக்கிக்குப் பயணம் போய், இந்தத் துணியைப் பார்த்து வியந்து, மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். அவருடைய குடும்பத்திற்கு மான்செஸ்டர் நகரத்தின் அருகே ஆலை இருந்தது. சாமுவேல் ஹோல்ட் என்பவர் இதை இயந்திரத் தறியில் நெய்யும் வழியைக் கண்டார். 1851ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இந்தத் துவாலை வைக்கப்பட்டது.

கண்ணி எப்படி எழும்புகிறது? சாதாரணத் துணிக்குப் பாவு ஒன்று, ஊடை ஒன்று. தேங்காய்ப்பூத் துவாலைக்குப் பாவு இரண்டு. ஒன்றை இறுக்கமாகவும் மற்றதைத் தளர்வாகவும் கட்டுவார்கள். இரண்டு ஊடைகளைச் சற்று இடைவெளி விட்டுப் போட்டுவிட்டு, மூன்றாம் ஊடை விழுந்ததும் மூன்றையும் சேர்த்து ஒரே அடியாக அடிப்பார்கள். இறுகிய பாவு அப்படியே நிற்கும். தளர்ந்த பாவு தள்ளப்பட்டு வளைந்து, கண்ணியாக மேலெழும்பும். கண்ணிகள் மிகுந்திருப்பதால் நீரைத் தொடும் நூலின் பரப்பும் மிகுதி. அதனால்தான் ஈரத்தை அவ்வளவு விரைவாக இழுக்கிறது. இந்தக் கண்ணிகள் துவட்டுகிறவருக்கு நண்பன். பூத்தையல் போடுகிறவருக்கோ பகைவன். அந்தப் பகையைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி, மிஷினின் கதைக்கு வருவோம்.

தையல் மிஷினுக்கும் பூத்தையலுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழமையானது. பிரான்சு நாட்டில் பார்த்தலெமி திமோனியே என்றொரு ஏழைத் தையற்காரர் இருந்தார். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டுப் பூவேலை செய்யும் பெண்களைக் கண்டு, அந்தக் கையசைவையே மரச்சட்டத்தில் அமைத்துத் தம் மிஷினைச் செய்தார். 1830ஆம் ஆண்டு அதற்கு உரிமை பெற்றார். பாரிசில் ஒரு பட்டறை அமைந்தது. 80 மிஷின்கள் படைவீரருக்குச் சீருடை தைத்தன. எங்கே தங்கள் பிழைப்புப் போய்விடுமோ என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் பட்டறைக்குள் புகுந்து மிஷின்களை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே 1857இல் வறுமையிலேயே இறந்தார். மிஷினைச் செய்தவரும் ஏழை, உடைத்தவர்களும் ஏழைகள். இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள்.

பிறகு அமெரிக்காவில் 1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் மிஷினுக்கு உரிமை பெற்றார்கள். நுனியில் காதுள்ள ஊசி மேலே, இன்னொரு நூல் கீழே என்ற முறை நிலைபெற்றது. சிங்கர் நிறுவனம் உலகெங்கும் பரவியதற்கு மிஷினின் திறம் மட்டும் காரணமன்று. 1856ஆம் ஆண்டு சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் கொண்டு வந்த தவணைமுறைதான் பெருங்காரணம். முழுப் பணம் இல்லாதவரும் சிறிது முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மாதந்தோறும் கட்டினால் ஒருநாள் சொந்தமாகிவிடும். கட்டத் தவறினால், மிஷினும் போகும், கட்டிய பணமும் போகும்.

இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியடிகள்கூட, 1924ஆம் ஆண்டு நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மிஷினை மட்டும் விலக்காகச் சொன்னார். ஊரையே வேலையிழக்கச் செய்யும் இயந்திரம் வேறு, ஒரு வீட்டுப் பெண்ணின் கைச்சுமையைக் குறைக்கும் இயந்திரம் வேறு என்பது அவர் கண்ட வேறுபாடு.

பூத்தையலுக்கென்றே தனி இயந்திரம் செய்யும் முயற்சியும் உடன் நடந்தது. 1828இல் பிரான்சின் முலூஸ் நகரில் ஜோசுவே ஹைல்மான் என்பவர் பல ஊசிகள் ஒரே நேரத்தில் பூப்போடும் இயந்திரத்தைச் செய்தார். 1863இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசக் குரோப்லி, கீழ்நூலுக்குச் சின்னஞ்சிறு படகு வடிவில் ஓடம் அமைத்து இன்னும் விரைவான இயந்திரத்தைப் படைத்தார். அதற்கு ‘ஷிஃப்லி’ என்று பெயர். அவர்கள் நாட்டுப் பேச்சில் சிறு படகு என்று பொருள். 1865இல் பிரெஞ்சுக்காரர் போனாஸ் சங்கிலித் தையல் பூமிஷினைக் கண்டார். கோர்னெலி என்ற பெயரில் அது புகழ் பெற்றது. துணியைக் கையால் திருப்பாமல், மேசைக்கடியில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் ஊசியே திசை மாறும். அது போடும் ஒருவகைத் தையல், துவாலைக் கண்ணியைப் போலவே புசுபுசுவென்று மேலெழும்பி நிற்கும்.

நேயர்களே, இங்கே சற்று நின்று சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் வட்டாரத்தைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. 1910ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் கைக்கடிகாரத்திற்கு அல்ல, பூத்தையலுக்கே இருந்தது. மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ 18 விழுக்காடு. உலகில் உற்பத்தியான பூத்தையலில் பாதிக்கு மேல் அந்த வட்டாரத்தில் இருந்து போனது. சிற்றூர்களில் குடும்பங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இயந்திரத்தை நிறுத்தி, வியாபாரி கொடுத்த வேலையைச் செய்தன. பலர் கடன் வாங்கி இயந்திரம் வாங்கினார்கள். ஹைல்மான் வழிவந்த கையியந்திரத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட ஊசிகள். அவற்றுக்கு நூல் கோத்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்குப் போகுமுன்னும், பள்ளி விட்டு வந்த பின்னும், மங்கிய வெளிச்சத்தில் ஊசி ஊசியாகக் கோத்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. பின்னர் நாகரிகம் மாறியது. பெண்கள் பூவேலையற்ற எளிய உடைக்குப் போனார்கள். பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. தொழில் படுத்தது. வியாபாரி வேறு தொழிலுக்குப் போய்விட்டார். கடனும் இயந்திரமும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

இவ்வளவும் அங்கே நடந்துகொண்டிருந்த காலத்தில், நம் ஜொகூரில் என்ன நடந்தது? காம்பீரும் மிளகும் விளைந்த காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை 1909இல் நிறைவேறியது. சிகாமட், லாபிஸ், குளுவாங், லாயாங் லாயாங், கூலாய் என அந்தப் பாதை நெடுகிலும் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக நம் முன்னோர் வந்தார்கள். 1936இன் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அந்நாளில் பேசப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே காடு, ஒரே விடியல், ஒரே அட்டைக்கடி. கூலி மட்டும் வேறு. அந்த 40 காசில் ஒரு தையல் மிஷினைக் கனவு காணத்தான் முடியும்.

மிஷின் இந்த நாட்டுக்கு வந்தது முதலில் பட்டணங்களுக்கே. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு நகரங்களின் நியோன்யா பெண்கள் அணிந்த கெபாயாவின் ஓரங்களில் பூவும் பறவையும் பூத்தன. அவை பெரும்பாலும் காலால் மிதிக்கும் சாதாரணத் தையல் மிஷினில், துணியை மரவளையத்தில் பூட்டிக் கையால் நகர்த்திப் போட்டவை. சிங்கர் நிறுவனமே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷின் பூத்தையலுக்குப் பாடநூல் வெளியிட்டிருந்தது. கெபாயாக் கலை இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. 2024ஆம் ஆண்டு மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய 5 நாடுகளும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் துணிப்பஞ்சம் தலைவிரித்தாடியது. கோணிச் சாக்கை உடுத்தி மானம் காத்தவர்கள் உண்டு. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பலர் திரும்பவேயில்லை. ஊசியும் நூலும் பொன்னைப்போல் அருமையான அந்த நாளில், கிழிந்ததை ஒட்டுப்போடத் தெரிந்த பெண்ணே குடும்பத்தைக் காத்தவள். பூத்தையல் ஆடம்பரம் என்போர் அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுப்போடும் கைதான் பிறகு பூவும் போடுகிறது.

போருக்குப் பின் மெல்ல மெல்லத் தவணை மிஷின் தோட்டத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. தவணைக்கு வாங்குவோரைக் காக்க, 1967ஆம் ஆண்டு நம் நாட்டில் வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலன்றிப் பொருளைத் திரும்ப எடுக்கக் கூடாது, அதற்கும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. கிளார்க்கின் தவணைமுறை பிறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகுதான், நம் நாட்டு ஏழை வீட்டுக்கு இந்தச் சட்டம் கிடைத்தது.

சரி, துவாலையின் மேல் பூப்போடுவதில் என்ன அப்படிப்பட்ட கடினம்? கெபாயாத் துணி தட்டையானது. போட்ட தையல் போட்ட இடத்தில் நிற்கும். துவாலையிலோ, தையல் கண்ணிகளுக்கிடையே புதைந்துவிடும். புல்வெளியில் கோலம் போட்டால் எப்படியிருக்கும்? அதுபோல. தையலின் இடுக்கில் கண்ணிகள் தலையை நீட்டும். துணி தடிப்பானதால் வளையத்தில் சரியாகப் பூட்டாது. இறுக்கினால் இழுபட்டு, கழற்றியபின் சுருங்கும்.

கைதேர்ந்தவர்கள் இதற்கு வழி கண்டார்கள். துவாலையை முதலில் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது முன்பே சுருங்கிவிடும். பூப்போடும் இடத்தின் மேல் மெல்லிய தாளை விரிக்க வேண்டும். அது கண்ணிகளைப் படுக்க வைக்கும். அந்நாளில் கிழித்தெடுக்கும் காகிதம். இந்நாளில் தண்ணீரில் கரைந்து போகும் மெல்லிய படலம் கடையில் கிடைக்கிறது. துணிக்கு அடியிலும் ஒரு தாங்குதாள் வேண்டும். பின்பு மிஷினின் பற்களை இறக்கிவிட வேண்டும், அல்லது தகடு வைத்து மூட வேண்டும். பாதத்தைக் கழற்றிவிடலாம். ஆனால் பாதத்தை இறக்கும் நெம்புகோலைக் கீழே விட மறக்கக் கூடாது. மறந்தால் மேல்நூலுக்கு இறுக்கம் இல்லாமல், அடியிலே நூல் சிக்கிக் கூடுகட்டிவிடும். ஊசி சற்றுத் தடித்ததாக, 14ஆம் எண்ணாக இருக்கட்டும்.

அடுத்ததுதான் தொழிலின் உயிர்நாடி. எழுத்தை நேரே நிரப்பக் கூடாது. முதலில் குறுக்காக, அகலமான இடைவெளி விட்டு, அடித்தையல் ஒன்று போட வேண்டும். வீட்டுக்கு அடித்தளம் போடுவதுபோல. அதன்மேல் நெருக்கமாக நிரப்பினால் எழுத்து மேலே மிதந்து நிற்கும். தமிழ் எழுத்துக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும. நம் எழுத்தில் சுழியும் புள்ளியும் மிகுதி. சிறிதாகப் போட்டால் ணகரத்தின் சுழிகள் அடைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி புதைந்துவிடும். புள்ளி போனால் பெயரே மாறிவிடுமல்லவா? ஆகவே ஓரங்குல உயரத்திற்குக் குறையாமல், கோடு தடிப்பாகப் போடுவது நலம். பெரும்பாலான துவாலைகளில் ஓரத்தருகே கண்ணியில்லாத பட்டை ஒன்று நெய்திருப்பார்கள். புதிதாகப் பழகுவோர் அந்தப் பட்டையிலேயே தொடங்கலாம். எங்காவது கண்ணி நீண்டு வெளியே வந்தால் இழுக்காதீர்கள்; இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.

இதற்கிடையில் உலகம் நிற்கவில்லை. குரோப்லியின் மகன் 1898இல் துளையட்டையைக் கொண்டு தானே இயங்கும் ஷிஃப்லியைச் செய்தார். தாஜிமா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பல தலைகள் கொண்ட பூத்தையல் மிஷின்களைச் செய்தன. 1980களில் துளையட்டையின் இடத்தைக் கணினி பிடித்தது. இன்று ஒரு கணினி மிஷின் நிமிடத்திற்கு 600 முதல் 1,000 தையல் வரை போடுகிறது. நம் ஜொகூரில் பத்து பகாட் நகரம் நெசவுக்கும் ஆயத்த ஆடைக்கும் பெயர் பெற்று வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் அழிந்து செம்பனையாகியும், வீட்டுமனைகளாகியும் போக, நம் பெண்கள் பலர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

அப்படியானால் வீட்டு மிஷினுக்கு வாழ்வில்லையா? உண்டு. ஆயிரம் துவாலைக்கு ஒரே சின்னம் வேண்டுமென்றால் தொழிற்சாலைதான். ஒரே ஒரு துவாலையில், ஒரே ஒரு குழந்தையின் பெயர், அதுவும் தமிழில் வேண்டுமென்றால்? அங்கேதான் பக்கத்து வீட்டுத் தங்கையின் கைக்கு மதிப்பு. ஆனால் கணக்குத் தெரிய வேண்டும்.

ஒரு துவாலை 15 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நூலும் தாளும் 2 ரிங்கிட். தைக்க ஒன்றரை மணி நேரம். அதை 20 ரிங்கிட்டுக்கு விற்றால் கையில் நிற்பது 3 ரிங்கிட். மணிக்கு 2 ரிங்கிட். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. மணிக்கணக்கில் அது 8 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அப்படியென்றால், தன் வீட்டில் தன் மிஷினில் உட்கார்ந்து, சட்டம் சொல்லும் கூலியில் கால்பங்குக்கு உழைக்கிறோம் என்று பொருள். 40 காசுக் கூலியைத் துரை நிர்ணயித்தார் என்று வருந்துகிறோம். இந்த 2 ரிங்கிட்டை நிர்ணயித்தவர் யார்? துணிக்கும் நூலுக்கும் விலை போட்ட நாம், நம் நேரத்திற்கு விலை போடவில்லை.

ஆகவே தொழில் தொடங்குவோர் சங்க்ட் காலன் மக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வியாபாரியை நம்பியிராதீர்கள். வேலை கைக்கு வருமுன் பெரிய மிஷினுக்குக் கடன் படாதீர்கள். சாதாரண மிஷினிலேயே பழகலாம். பூவேலை குறைந்த மாதத்தில் பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைக்கக் கற்றிருங்கள். கெமாஸ், கியாட்மாரா போன்ற அமைப்புகள் தையற்பயிற்சி அளித்து வந்திருக்கின்றன. அருகில் வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். எவ்வளவு வேலை குவிந்தாலும், நூல் கோக்கப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்த தலைமுறைகள் நம்முடையவை. மிஷினுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் மிஷின் இருந்தால் மட்டும் போதாது. அதை மிதிக்கும் காலுக்கும், வளையத்தை நகர்த்தும் கைக்கும் என்ன விலை என்பதை அந்தப் பெண்ணே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.